தோல் வாஷரும் ஈயக் குண்டும்

ஸ்பிரிங் ஏர்கன் ஒன்றைப் பிரித்தால் உள்ளே பாகங்கள் அதிகம் இருக்காது. ஓர் உருளை, அதற்குள் ஓடும் பிஸ்டன், பிஸ்டனைத் தள்ளும் கனத்த சுருள்வில், வில்லைப் பிடித்து நிறுத்தும் ஒரு கொக்கி. பழைய பி.எஸ்.ஏ., வெப்லி, டயானா துப்பாக்கிகளிலும், அவற்றைப் பார்த்து நம் நாட்டில் செய்யப்பட்ட பலவற்றிலும் பிஸ்டனின் தலையில் ஒரு தோல் வாஷர் இறுக்கப்பட்டிருக்கும். குழலை மடக்கி வில்லை அழுத்திவிட்டு விசையை இழுத்தால் பிஸ்டன் முன்னே பாயும். உருளைக்குள் இருக்கும் காற்று கண் இமைக்கும் நேரத்துக்குள் நெருக்கப்பட்டு, குண்டின் முதுகில் போய் அறையும். அந்தக் காற்று பிஸ்டனின் ஓரமாகக் கசிந்துவிட்டால் குண்டு பாதி வேகத்தில் தள்ளாடிப் போகும். கசிய விடாமல் பிடிப்பது எண்ணெயில் ஊறிய அந்தத் தோல்தான்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றுப் பகுதியின் தோல் தொழில் ஊர்களில் வாழும் வாசகருக்கு இதில் வியப்பு இருக்காது. தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகள் முப்பரிமாணத்தில் பின்னிக் கிடக்கும் வலை. ஒரு பக்கம் அழுத்தினால் விசை நாலாபக்கமும் பரவும்; கையை எடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பும். எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொண்டு, தேவைப்படும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். இதே காரணத்துக்காகத்தான் சைக்கிள் பம்புக்குள்ளும் தோல் வாஷர் இருந்தது.

ஆனால் ஏர்கன்னுக்குள் நிலைமை பம்பைவிடக் கடுமை. காற்றை மிக வேகமாக நெருக்கும்போது அதன் வெப்பம் வெளியேற நேரம் கிடைப்பதில்லை. ஒரு கணத்துக்கு உருளையின் முனையில் வெப்பம் பல நூறு டிகிரிக்கு ஏறும். டீசல் எஞ்சின் தீப்பொறி இல்லாமலே எரிபொருளைப் பற்றவைப்பது இந்த விதியால்தான். வாஷருக்கு எண்ணெய் அதிகமாக விட்டுவிட்டால் ஏர்கன்னிலும் அது நடக்கும். ‘டப்’ என்று தேவையில்லாத சத்தம், குழல் வாயில் நீலப் புகை, உள்ளே கருகிய தோல். ஆவாரம் பட்டை போன்ற தாவரச் சாற்றில் பதனிட்ட தோல், ஈரத்தில் சூடாக்கும்போது சுமார் 70 முதல் 85 டிகிரிக்குள் சுருங்கிவிடும். குரோமில் பதனிட்டது 100 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். கொலாஜன் இழைகளைக் குரோமியம் அவ்வளவு இறுக்கமாகக் கட்டிப் போடுகிறது. பாலாற்றின் நீரையும் மண்ணையும் கெடுத்த அதே குரோமியம்தான். ஒரு வேதிப்பொருளின் நன்மையையும் கேட்டையும் ஒரே ஊர் இவ்வளவு அருகிலிருந்து அனுபவித்தது குறைவு.

காற்றால் சுடுவது குழந்தைகளின் விளையாட்டு என்று எண்ண வேண்டாம். 1780ஐ ஒட்டி ஆஸ்திரியப் படைக்கு ஜிரார்டோனி என்பவர் காற்றுத் துப்பாக்கி செய்து கொடுத்தார். கட்டைப் பகுதியே காற்றுக் குடுவை. சுமார் 20 ஈயக் குண்டுகளை அடுத்தடுத்துச் சுடலாம், புகை கிடையாது. 1803இல் அமெரிக்காவின் மேற்கைப் பார்க்கப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் குழுவும் ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கொண்டுபோனது.

இன்று பொழுதுபோக்காகச் சுடுகிறவர்கள் கைகளில் இரண்டு வகை காற்றுத் துப்பாக்கிகள் இருக்கின்றன. ஒன்று மேலே சொன்ன ஸ்பிரிங் கன். விலை குறைவு, பழுது குறைவு. ஆனால் பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். பிஸ்டன் முனையில் மோதி நிற்கும்போது முன்னே உதைக்கும். குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே இந்த இரட்டை உதைப்பு நடந்துவிடுவதால், அதை ஒரே மாதிரி பிடித்துச் சுடப் பழகுவது தனிக் கலை. இன்னொன்று, அவர்கள் பி.சி.பி. என்று அழைக்கும் வகை. குடுவையில் சுமார் 200 பார் அழுத்தத்தில் காற்றை முன்கூட்டியே அடைத்து வைத்திருப்பார்கள். விசையை இழுத்தால் வால்வு திறந்து ஓர் அளவு காற்றை மட்டும் விடும். உதைப்பு அநேகமாக இல்லை. ஒலிம்பிக் வீரர்கள் வைத்திருக்கும் வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போன்றவை இந்த வகை.

நம்மில் பெரும்பாலோர் முதன்முதலாக விசையை இழுத்தது திருவிழாவில். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு விழா போன்ற கூட்டங்களில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் பலூன் கட்டிய பலகை இருக்கும். எதிரே முள் வளைந்த ஓர் ஏர்கன். அந்தப் பலூனிலிருந்து ஒலிம்பிக் அட்டைவரை இயற்பியல் ஒன்றே. மாறுவது துல்லியம் மட்டும்தான். அந்தத் துல்லியத்தின் அளவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் 4.5 மி.மீ. குண்டு, எடை சுமார் அரை கிராம். அட்டையின் நடுவில் பத்துக்கான புள்ளி அரை மி.மீ. அகலம். மிகச் சரியான நடுவுக்கு 10.9, நடுவிலிருந்து ஒவ்வொரு கால் மி.மீ. விலகலுக்கும் 0.1 குறையும். குண்டு நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் தடையை மறந்துவிட்டால் 10 மீட்டரைக் கடக்க 0.059 நொடி. அதற்குள் புவியீர்ப்பு அதை 17 மி.மீ. கீழே இழுத்துவிடும். அதைக் குறிபார்க்கும் முள்ளைச் சரிசெய்து ஈடுகட்டலாம். ஆனால் அடுத்த குண்டு 170க்குப் பதில் 172 மீட்டர் வேகத்தில் போனால்? இறக்கம் சுமார் 0.4 மி.மீ. குறையும். நொடிக்கு 2 மீட்டர் வித்தியாசத்துக்கே 0.1 புள்ளிக்கு மேல் போய்விட்டது. இத்தனைக்கும் வீரரின் இதயம் துடிக்கிறது, மூச்சு ஓடுகிறது, தோள் நடுங்குகிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டில் 10.8 எடுத்துத் தங்கம் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கில் இதே போட்டியில் நாட்டுக்காக நின்றார். இந்த விளையாட்டைப் பணக்காரர் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

குண்டு நேராகப் போவதற்குக் குழலுக்குள் வெட்டப்பட்டிருக்கும் சுருள் தடங்கள்தான் காரணம். சுமார் 45 செ.மீ. தூரத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் தடம் இருந்தால், 170 மீட்டர் வேகத்தில் குண்டு நொடிக்கு 370 முறைக்கு மேல் சுழலும். சுழலும் பொருள் தன் அச்சை எளிதில் விட்டுக்கொடுக்காது. பம்பரம் நிமிர்ந்து நிற்பது அதனால்தான். வீரர்கள் அணியும் கெட்டியான கான்வாஸ், தோல் சட்டைக்கும் அளவு உண்டு. ஒரு மடிப்பு 2.5 மி.மீ. தடிமனைத் தாண்டக்கூடாது என்பது உலகக் கூட்டமைப்பின் விதி. ஆம்பூர் ஷூ கம்பெனியில் கேஜ் வைத்துத் தோலின் தடிமனைப் பார்க்கிறவர்களுக்கு சட்டையை அளக்கும் சோதனை மேசையில் நடப்பது நன்றாகவே புரியும்.

இனி ஜூல் கணக்குக்கு வருவோம். துப்பாக்கிகளை அழகு, விலை, பெயர் என்று பலவகையில் பிரிக்கலாம். இயற்பியல் ஒன்றைத்தான் கேட்கும்: குழல் வாயில் எத்தனை ஜூல்? எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் விடை. போட்டி ஏர் ரைஃபிள் 8 ஜூல் அளவில் நிற்கும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி குழலின் அளவு 4.5 மி.மீ.யையும் ஆற்றல் 20 ஜூலையும் தாண்டாத ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம், தாண்டினால் வேண்டும். பயிற்சிக்குப் பயன்படும் பாயின்ட் 22 ரைஃபிள் தோட்டா சுமார் 140 ஜூல். இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலை செய்யும் பாயின்ட் 315 ரைஃபிள் ஏறத்தாழ 3,000 ஜூல். ராணுவம் பயன்படுத்திய 303 தோட்டாவைக் குடிமக்களுக்குத் தரக்கூடாது என்பதால், அதே லீ என்ஃபீல்டு அமைப்பில் வேறு தோட்டாவைப் பொருத்தி வந்த துப்பாக்கி இது. இந்தியாவில் உரிமம் பெற்றவர்களிடம் பரவலாக இருக்கும் ரைஃபிளும் இதுதான்.

வேட்டை சட்டப்படி நடந்த காலத்தில் நம் பகுதி மலைகளுக்கும் துப்பாக்கியோடு ஆட்கள் வந்தார்கள். பெங்களூரைச் சேர்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910-1974) ஏலகிரி மலையில் ஆட்கொல்லியான சிறுத்தையைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் விரும்பி வைத்திருந்தது வின்செஸ்டர் 1895 வகை, 405 தோட்டா. 19 கிராமுக்கு மேல் எடையுள்ள குண்டு, ஆற்றல் 4,300 ஜூலுக்கு மேல். ஓரடியில் விழாத சிறுத்தை காயத்தோடு புதருக்குள் போனால் அடுத்த நாள் யாரோ ஒரு ஆடு மேய்ப்பவர் உயிரை விட வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதிக ஆற்றலைத் தேடியதற்குக் காரணம் அது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் காலத்தை முடித்து வைத்தது. நல்லதே நடந்தது. இன்று ஏலகிரியில் சிறுத்தை ஊருக்குள் வந்தால் வனத்துறை வரும். மயக்க ஊசி வரும்.

மலைகளில் மிஞ்சியது வேறொரு துப்பாக்கி. அது வேலூர்க் கோட்டையின் காலத்தைச் சேர்ந்தது.

1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதிய தலைப்பாகையும் அதில் வைத்த தோல் குஞ்சமும் அவர்களது சமயத்தைப் புண்படுத்தியது கிளர்ச்சிக்கான காரணங்களில் ஒன்று. அன்று இரு தரப்பும் பிடித்திருந்த மஸ்கட்டுகள் வாய்வழியாக மருந்தும் குண்டும் திணித்துச் சுடும் வகை; குழல் வழவழப்பானது, சுருள் தடம் கிடையாது. ஐரோப்பியப் படைகள் அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டன. ஜவ்வாது மலையிலும் ஏலகிரி அடிவாரத்திலும் கிருஷ்ணகிரி, தருமபுரிக் காடுகளிலும் அதே அமைப்பு நாட்டுத் துப்பாக்கி என்ற பெயரில் தொடர்கிறது. சக்கிமுக்கிக் கல்லுக்குப் பதில் கேப்பு வந்திருக்கிறது, மற்றதெல்லாம் அப்படியே.

இதன் குறைபாடுகளை அறிவியல் தெளிவாகச் சொல்லும். வாய்வழியாகத் திணிக்க வேண்டுமானால் குண்டு குழலைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். சிறியதாக இருந்தால் சுடும்போது குழலின் இருபுறமும் மோதி மோதி வரும். கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ அதற்கு எதிர்ப்பக்கம் விலகிப் போகும். சுழற்சி ஒழுங்காக இல்லாத உருண்டையைக் காற்று தன் விருப்பத்துக்கு வளைக்கும். ஐம்பது மீட்டரில் குண்டு எங்கே விழும் என்று சுடுபவரே சொல்ல முடியாது. ஈயத்துக்குப் பதிலாகச் சைக்கிள் பால்ரஸ் குண்டுகளைப் போட்டால் நிலைமை இன்னும் மோசம். எஃகு நசுங்காது. பாறையில் பட்டால் ஆற்றலின் பெரும்பகுதியோடு திசை மாறித் தெறிக்கும். ஜவ்வாது மலையில் பாறை இல்லாத இடம் ஏது?

மருந்தின் கதையும் உண்டு. வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கரிமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே நிற்கும். அந்த அடர்ந்த வெண்புகையும் குழலுக்குள் படியும் கசடும் அதுதான். குண்டைத் தள்ளுவதற்கு வாயு வேண்டும், திடத்தூள் தள்ளாது. கசடு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். உள்ளூர்க் கொல்லர் எந்தக் குழாயை வாங்கி எப்படிச் செய்தார் என்பதற்கு எந்தச் சோதனையும் கிடையாது. தொழிற்சாலையில் செய்த குழலை வழக்கத்தைவிட அதிக அழுத்தத்தில் சுட்டுப் பார்த்து முத்திரை குத்துவார்கள். நாட்டுத் துப்பாக்கிக்கு முதல் சோதனை அதைப் பிடித்திருப்பவரின் கன்னத்துக்குப் பக்கத்தில் நடக்கிறது. 1884இல் பிரான்சில் பால் வியே புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்தபின் உலகம் வேறு பாதையில் போய்விட்டது. நீலகிரியின் அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை எழுந்தது அந்தப் பாதையில்தான்.

இதையெல்லாம் மலைமக்களைக் குற்றம் சாட்டச் சொல்லவில்லை. சாமையும் வேர்க்கடலையும் விதைக்கிறவர்கள் அவர்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே, பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழித் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று தனியாக எழுதி வைத்திருக்கிறது. நரிக்குறவர் மக்களுக்கும் அந்தத் துப்பாக்கி பல தலைமுறைகளாகப் பிழைப்புக் கருவி. உரிமம் இல்லாமல் வைத்திருப்பவர்கள் ஒப்படைத்தால் வழக்கில்லை என்று காவல்துறை அறிவிக்கும்போதெல்லாம், ஊர்க் கோவில் பக்கத்திலும் சாலையோரத்திலும் துப்பாக்கிகள் கட்டுக்கட்டாகக் கிடந்திருக்கின்றன. வைத்திருந்தவர்கள் எல்லோரும் வேட்டைக்காரர்கள் இல்லை. இரவில் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கினால் என்ன செய்வது என்ற கேள்வி அவர்கள் முன் நின்றது.

அந்தக் கேள்விக்குத் துப்பாக்கி பதிலா?

காட்டுப்பன்றியின் உடம்பைப் பாருங்கள். வளர்ந்த ஆணின் தோளில் தோலுக்கு அடியில் கெட்டியான கொலாஜன் கவசம் ஒன்று வயதுக்கேற்ப வளரும். ஆணும் ஆணும் கொம்புப் பல்லால் குத்திக்கொள்ளும்போது நெஞ்சைக் காப்பது அதுதான். பல இடங்களில் சில செ.மீ. தடிமன் இருக்கும். தோல் வாஷருக்குச் சொன்ன அதே இழை வலைதான் இங்கே உயிருள்ள கேடயமாக நிற்கிறது. 20 ஜூல் ஏர்கன் குண்டு அதை ஒன்றும் செய்யாது. வேர்க்கடலைக் கொல்லையில் ஏர்கன் வைத்துப் பன்றி சுடுகிறேன் என்பவர் பன்றிக்கு வலியைத்தான் கொடுக்கிறார். நாட்டுத் துப்பாக்கியின் பால்ரஸ் சில நேரம் துளைக்கும். ஆனால் எங்கே துளைக்கும் என்று தெரியாது. குடலில் பட்ட பன்றி ஓடையோரப் புதரில் நாட்கணக்கில் கிடந்து சாகும்.

12 போர் இரட்டைக்குழல் இன்னொரு வழி. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டையாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு அகலமோ அதுவே இதன் குழல் அகலம்: 18.5 மி.மீ. முப்பது கிராம் ஈயத்தை நொடிக்கு 390 மீட்டர் வேகத்தில் தள்ளினால் சுமார் 2,300 ஜூல். ஆனால் அந்த ஆற்றலைச் சில பெரிய குண்டுகளாகவும் வைக்கலாம், நூற்றுக்கணக்கான ரவைகளாகவும் சிதறலாம். ஆறாம் எண் தோட்டாவில் 28 கிராமுக்குச் சுமார் 270 ரவைகள், ஒவ்வொன்றும் 0.1 கிராம். பறக்கும் மண் தட்டை உடைக்க அதுவே போதும். புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்தின் பிரித்விராஜ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் போட்டியில் நின்றது இந்த வகைத் துப்பாக்கியோடுதான். பன்றிக்கு ரவை எடுபடாது. பெரிய குண்டும் அருகிலிருந்தால்தான் பயன்.

சரி, பயிற்சி பெற்றவர், நல்ல ரைஃபிள், நல்ல குறி. அப்போதும் கணக்கு முடியவில்லை. பெண் பன்றியின் சினைக்காலம் சுமார் 115 நாள். ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டி. வேட்டை அதிகமாக நடக்கும் காடுகளில் பெண் பன்றிகள் இன்னும் இளவயதிலேயே குட்டி போடத் தொடங்குவதை ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரிய ஆணைச் சுட்டுப் பெருமைப்படும் பொழுதுபோக்கு வேட்டைக்காரர் பன்றித் தொகையைக் குறைப்பதில்லை. குட்டி போடும் பெண் பன்றிகள் அப்படியே இருக்கின்றன.

கேரள அரசு 2022 மே மாதம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்களை வைத்தே பயிரழிக்கும் பன்றிகளைச் சுட வழி செய்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு வழியை எடுத்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கி.மீ.க்குள் சுடுவதற்கு இடமில்லை. ஒன்று முதல் மூன்று கி.மீ. வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். மூன்று கி.மீ.க்கு அப்பால் மட்டும் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். என் கருத்தில் தமிழ்நாட்டின் வழியே சரி. கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து யானைகள் இறங்கும் பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்தில் இருட்டில் ஆர்வலர் ஒருவர் சுடும் குண்டு எங்கே போய் நிற்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. பாயின்ட் 315 குண்டு தவறினால் ஒரு கி.மீ.க்கு அப்பாலும் ஆளைக் கொல்லும். ஆனால் வனத்துறை கூப்பிட்டவுடன் வர வேண்டும். வராவிட்டால் விவசாயி பழைய வழிகளுக்குத்தான் போவார்.

பழைய வழிகளில் இரண்டு துப்பாக்கியைவிடக் கொடியவை. அவுட்டுக்காய் ஒன்று. தீனிக்குள் வெடியை மறைத்து வைத்தால் கடிக்கும் விலங்கின் தாடை சிதறும். பன்றி என்று வைத்ததை மாடும் நாயும் யானையும் கடித்திருக்கின்றன. வாய் சிதறிய யானை தின்ன முடியாமல் பட்டினியால் சாகும். இன்னொன்று வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது. இங்கேயும் ஜூல்தான் பேசுகிறது. முறையான சூரிய மின்வேலியில் சில ஆயிரம் வோல்ட் இருந்தாலும், நொடிக்கு ஒருமுறை போல மிகச் சிறிய துடிப்பாக, சில ஜூல் ஆற்றலோடு மட்டும் பாயும். தொட்டவர் அதிர்ந்து கையை எடுக்க இடைவெளி கிடைக்கும். 230 வோல்ட் வீட்டு மின்சாரம் இடைவெளி விடாது. தசை இறுகிக் கம்பியையே பிடித்துக்கொள்ளும். பாயும் ஆற்றலுக்கு எல்லையில்லை. வேலி போட்டவரின் சொந்த வீட்டு ஆளே விடியற்காலையில் அதில் விழுந்து கிடந்த செய்திகளை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2023இல் தனி விதிகள் வந்துவிட்டன. ஏர்கன்னுக்குச் செலவிடும் பணத்தை முறையான சூரிய மின்வேலிக்குச் செலவிட்டால் கொல்லை காக்கப்படும்.

ஏர்கன் ஆர்வலர்கள் சிலர் சொல்வதுண்டு: பன்றி வேண்டாம், புறாவும் காகமும் அணிலும்தானே, உரிமமே வேண்டாத துப்பாக்கிதானே என்று. துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்பதால் பறவையைச் சுட அனுமதி கிடைத்ததாக ஆகாது. வன உயிரினச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தபோது, தீங்குயிர் என்று காகத்தையும் எலியையும் பழந்தின்னி வௌவாலையும் வைத்திருந்த பழைய அட்டவணை போய்விட்டது. ஏரிக்கரையில் கொக்கைச் சுடுவது குற்றம். வெறும் 15 ஜூல் பறவையின் மெல்லிய எலும்பைத் தூளாக்கப் போதும்; குறி சற்று விலகினால் உடனே கொல்லத்தான் போதாது.

இதைச் சட்டம் வருமுன்பே உணர்ந்த ஊர் நம்மிடம் உண்டு. வேடந்தாங்கல் ஏரிக்கு வந்த பறவைகளை ஆங்கிலேயச் சிப்பாய்கள் சுட்டபோது ஊர்மக்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் பாதுகாப்புக்கான எழுத்தைப் பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். வடகிழக்கில் அருணாச்சலப் பிரதேசத்தில் 2021 மார்ச்சில் ஏர்கன் ஒப்படைப்பு இயக்கம் தொடங்கியது. மக்கள் தாமாக முன்வந்து ஏர்கன்களைக் கொடுத்தார்கள்.

ஈயத்தின் கேடும் சிறிதல்ல. குண்டு பட்ட இறைச்சிக்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக ஈயம் பரவும். சிதறிய ரவையைச் சரளைக்கல் என்று விழுங்கும் வாத்தின் அரைவைப்பையில் அது அரைபட்டு இரத்தத்தில் கலக்கும். கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டையே தடை செய்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி முதல் ஈரநிலங்களில் ஈய ரவையைத் தடுத்துவிட்டது. குரோமியத்தோடு இத்தனை ஆண்டு போராடிய பாலாற்றுக்கு ஈயத்தையும் கொண்டுவர வேண்டியதில்லை. சுடுதளத்தில் குண்டு இரும்புப் பெட்டிக்குள் விழும். சேர்த்து எடுத்து உருக்கலாம்.

துப்பாக்கி பிடிக்கும் என்றால் பிடிக்கட்டும். அது தவறான ஆசை இல்லை. பத்து மீட்டர் அட்டையில் கால் மி.மீ.யைத் துரத்துவது மூளையும் உடம்பும் சேர்ந்து செய்யும் அரிய வேலை. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அந்த ஆசை இருந்தால், ஏரிக்கரைக்கு அனுப்பாதீர்கள். பயிற்சியாளர் இருக்கும் ரைஃபிள் கிளப்பில் சேருங்கள். வீட்டுப் பரணில் தாத்தாவின் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கி இருந்தால், அதைச் சுட்டுப் பார்க்க வேண்டாம். காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள். கொல்லையில் பன்றி இறங்கினால் வனச்சரக அலுவலகத்துக்கு எழுத்தில் மனு கொடுங்கள், பயிர்ச்சேத இழப்பீட்டையும் கேளுங்கள். அவர்கள் வரும்வரை விடாமல் கேளுங்கள்.